ஒரே லேப்டாப்பில் டேலியும் பள்ளிக்கூட லினக்ஸும்: டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேலந்தாவளம் மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம். கணக்கு டேலியில் ஓடுவதால் விண்டோஸ் 11 இல்லாமல் முடியாது. மகள் தமிழ் மீடியத்தில் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளியில் ஐ.டி. பாடம் முழுக்க, விண்டோஸுக்குப் பதிலாக அங்கே ஓடுகிற கைட் லினக்ஸ் சிஸ்டத்தில் நடக்கிறது. அடுத்த வருடம் பத்தாவது, பிராக்டிக்கல் தேர்வும் அதிலேதான். வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. சி டிரைவ் ஒன்றுதான் இருக்கிறது, அதில் 160 ஜிபி போல நிரம்பியிருக்கிறது. கடையில் விசாரித்ததற்கு எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும் என்றார்களாம். "அண்ணா, டேலி டேட்டா போகாம ரெண்டையும் வைக்க முடியுமா? எவ்வளவு எவ்வளவு பிரிக்கணும்? நாளைக்கு வேண்டாம்னா பழையபடி ஆக்கிக்க முடியுமா?"

முடியும் தம்பி. எதையும் அழிக்க வேண்டியதில்லை. இருக்கிற விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு சி டிரைவைச் சுருக்கி, கிடைக்கிற இடத்தில் லினக்ஸ் போடலாம். பலரும் லினக்ஸ் போடுகிற அந்த அரைமணி நேரத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் அது சுலபமான பகுதி. டேட்டா போவதும் லேப்டாப் பூட் ஆகாமல் நிற்பதும் பெரும்பாலும் விண்டோஸ் பக்கம் செய்ய வேண்டிய முன்வேலையை விட்டுவிடுவதால்தான். அதனால் என் பதிலில் பாதிக்கு மேல் பென் டிரைவைச் செருகுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் இருக்கும்.

அதற்கு முன் ஒரு கேள்வி: இப்படி ஒரே லேப்டாப்பில் இரண்டு சிஸ்டம் வைக்கிற 'டூயல் பூட்' உங்களுக்குப் பொருந்துமா? ஒரு நேரத்தில் ஒரு சிஸ்டம்தான் ஓடும். மாற வேண்டுமானால் ரீஸ்டார்ட் செய்யணும். உங்கள் வேலை விடியற்காலை மண்டியில், மகள் உட்காருவது சாயந்திரம். அதனால் இடைஞ்சல் இல்லை. விண்டோஸுக்குள்ளேயே வர்ச்சுவல் மெஷினாக லினக்ஸ் ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். 8 ஜிபி ராமை இரண்டு சிஸ்டமும் பங்கு போட்டால் இரண்டுமே திணறும். லேப்டாப்பில் இரண்டாவது எஸ்எஸ்டி போட ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று மட்டும் மாடல் பெயரை வைத்துப் பார்த்துவிடுங்கள். இருந்தால் சின்ன எஸ்எஸ்டி ஒன்று வாங்கி லினக்ஸை அதில் போடுவதுதான் எல்லாவற்றையும்விட நிம்மதி, பிரிக்கிற வேலையே இல்லை. இல்லாவிட்டால் மேலே படியுங்கள்.

எந்த லினக்ஸ் என்றால், தயக்கமில்லாமல் பள்ளியில் இருக்கிற அதே கைட் லினக்ஸ். கேரளத்தில் 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம்தான் 2017-இல் கைட் ஆனது. ஊர்ப்புறத்துத் தமிழ் மீடியம் பள்ளி வரைக்கும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு அவர்களைப் பாராட்டியே ஆக வேண்டும். கைட் லினக்ஸ் 22.04, உபுண்டு என்ற பிரபலமான லினக்ஸின் 22.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. ஜியோஜீப்ரா, லிப்ரே ஆபீஸ், இங்க்ஸ்கேப் எல்லாம் அதிலேயே வந்துவிடும். பாப்பா பள்ளியில் பார்க்கிற அதே திரை, அதே மெனு வீட்டிலும் இருந்தால் பிராக்டிக்கலுக்குத் தனியாகப் பழக வேண்டியதில்லை.

சரி, முன்வேலைக்கு வருவோம்.

முதலில் டேலி டேட்டா ஃபோல்டரையும் குடும்பப் படங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பெரிய பென் டிரைவிலோ காப்பி எடுங்கள். எடுத்தபின் அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். அதே லேப்டாப்பில் வேறொரு ஃபோல்டரில் வைத்த காப்பி, பேக்கப் கணக்கில் சேராது.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 ஹோம் என்றால் அதே விஷயம் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்த பல புதிய லேப்டாப்களில் இது தானாகவே ஆன் ஆகியிருக்கும்; உரிமையாளருக்கே தெரியாது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் முதல் வேலை, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து 48 இலக்க ரெக்கவரி கீயை நோட்டில் எழுதிக்கொள்வது. பயாஸில், அதாவது விண்டோஸ் திறப்பதற்கு முன்னால் வருகிற லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸில், எதையாவது மாற்றினால் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்டு நிற்கும். எண் இல்லையென்றால் சி டிரைவில் உள்ள எதையும் திறக்க முடியாது. எழுதிக்கொண்டபின் அதை ஆஃப் செய்யுங்கள். உபுண்டு வகை இன்ஸ்டாலர்கள் பிட்லாக்கர் இருந்தால் அதை அணைத்துவிட்டு வரச் சொல்லி நிறுத்திவிடும். ஆஃப் கொடுத்தவுடன் டிஸ்க் முழுவதையும் அது பழையபடி மாற்றி எழுத வேண்டும், நேரம் பிடிக்கும். முடிந்தது என்று காட்டும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். இது ஆன் இருந்தால் நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதி உறங்கிய நிலையில் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அதே டிரைவில் எழுதினால் ஃபைல்கள் கெடும் என்பதால், லினக்ஸ் அதைத் திறக்க மறுக்கும் அல்லது படிக்க மட்டும் விடும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்கிற பக்கத்தில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில நேரம் அது திரும்ப ஆன் ஆகிவிடும். இரண்டு சிஸ்டத்துக்கும் பொதுவாக டி டிரைவ் ஒன்று உருவாக்கப் போகிறோம். பாப்பா ஒருநாள் "அப்பா, டி டிரைவில சேவ் ஆகல" என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது பிரிப்பது. 512 ஜிபி என்று வாங்கிய டிஸ்க்கை விண்டோஸ் 476 ஜிபி என்றுதான் காட்டும். கம்பெனி 1000-ஆல் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024-ஆல். குறைந்ததாக நினைக்க வேண்டாம். அதில் சிஸ்டம் வேலைகளுக்கான சின்னப் பிரிவுகள் போக ஏறக்குறைய 475. என் யோசனை: சி டிரைவுக்கு 275, லினக்ஸுக்கு 80, இரண்டிலிருந்தும் திறக்கிற மாதிரி பொதுவாக டி டிரைவ் 120.

லினக்ஸுக்கு 25 ஜிபி இருந்தாலே உபுண்டு நிற்கும். ஆனால் அப்டேட்டுகளும் பாப்பாவின் வேலைகளும் சேரச் சேர இறுக்கமாகிவிடும். 80 கொடுத்தால் பத்தாவது முடியும்வரை இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். ரூட் (சிஸ்டம்) தனி, ஹோம் (சொந்த ஃபைல்கள்) தனி, ஸ்வாப் (ராம் போதாதபோது உதவுகிற இடம்) தனி என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் ஏராளம். உங்களுக்கு அது வேண்டாம். உபுண்டு 17.04-லிருந்து ஸ்வாப்பை ஒரு ஃபைலாகவே வைத்துக்கொள்கிறது. ஹோமைத் தனியாகப் பிரித்தால் ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் காலியாகக் கிடக்கும். ஒரே பிரிவு போதும்.

டி டிரைவை விண்டோஸின் வழக்கமான ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ் ஆக வையுங்கள். எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு ஃபார்மட் வைத்தாலும் இரண்டு சிஸ்டமும் படிக்கும்தான். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது லேப்டாப் திடீரென்று அணைந்தால் நிலைமையைச் சரிசெய்ய உதவுகிற ஜர்னல் வசதி அதில் கிடையாது. பேட்டரி சோர்ந்த லேப்டாப்பும் ஆடிக் காற்றில் போய்ப்போய் வருகிற நம் ஊர் கரண்ட்டும் சேர்ந்தால் அது வேண்டாத வம்பு.

டேலி டேட்டா மட்டும் சி டிரைவிலேயே இருக்கட்டும். லினக்ஸ் பக்கம் அதைத் தொடவே வேண்டாம். இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. லினக்ஸ் போடும்போது உருவாக்குகிற முதல் கணக்கு அட்மின் கணக்கு; அதை நீங்கள் வைத்துக்கொண்டு பாப்பாவுக்கு ஸ்டாண்டர்ட் கணக்கு ஒன்று திறந்துகொடுங்கள். ஸ்டாண்டர்ட் கணக்கிலிருந்து சி டிரைவைத் தெரியாமல் கிளிக் செய்தாலும் அட்மின் பாஸ்வேர்ட் கேட்டு நின்றுவிடும். டி டிரைவை மட்டும் தானாகத் திறக்கும்படி 'டிஸ்க்ஸ்' ஆப்பில், அந்தப் பிரிவின் மவுன்ட் ஆப்ஷன்ஸில் ஒருமுறை அமைத்துவிட்டால் போதும்.

சுருக்குவதை விண்டோஸுக்குள்ளிருந்தே, டிஸ்க் மேனேஜ்மென்டில் செய்யுங்கள். லினக்ஸ் இன்ஸ்டாலரும் சுருக்கித் தருகிறேன் என்று சொல்லும். என்டிஎஃப்எஸ்ஸைச் சுருக்க விண்டோஸை நம்புவதே மேல். சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு வரிசை நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. சி டிரைவை ஒரேயடியாக 200 ஜிபி சுருக்கி அதில் டி டிரைவ் உருவாக்கினால், டி போய் சி-யை ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். லினக்ஸ் அதற்கு அந்தப்பக்கம் போய்விடும். பிறகு லினக்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தை சி-யோடு சேர்க்க நினைத்தால் நடுவில் டி தடுக்கும். விண்டோஸ் தன் வலதுபக்கம் ஒட்டியிருக்கிற காலி இடத்தை மட்டும்தான் சேர்த்துக்கொள்ளும். ஆகவே இரண்டு தவணையாகச் செய்யுங்கள். முதலில் 122880 எம்பி, அதாவது 120 ஜிபி சுருக்கி, அந்த இடத்தில் டி டிரைவை உருவாக்குங்கள். அப்புறம் சி-யை மறுபடி 81920 எம்பி, அதாவது 80 ஜிபி சுருக்குங்கள். இப்போது சி, காலி இடம், டி என்ற வரிசை கிடைக்கும். அந்தக் காலி இடத்தை ஃபார்மட் செய்யாமல், எழுத்து எதுவும் கொடுக்காமல், 'அன்அலொகேட்டட்' என்றே விட்டுவிடுங்கள். கடைசியில் ரெக்கவரி பிரிவு ஒன்று தெரியும். அது கிடக்கட்டும், தொடாதீர்கள்.

சுருக்கும்போது பலரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. சி-யில் 300 ஜிபி காலியாக இருக்கும், ஆனால் 'இவ்வளவுதான் சுருக்க முடியும்' என்று சில ஜிபியைக் காட்டும். இதைப் பார்த்துத்தான் கடைக்காரர்கள் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள் போல. காரணம் இதுதான்: விண்டோஸ் தன் சில ஃபைல்களை ஓடிக்கொண்டிருக்கும்போது நகர்த்தாது. அப்படி ஒரு ஃபைல் டிஸ்க்கின் நடுவிலோ கடைசியிலோ உட்கார்ந்திருந்தால், அதைத் தாண்டிச் சுருக்க முடியாது. எந்த ஃபைல் என்று விண்டோஸே எழுதி வைக்கிறது. ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் அப்ளிகேஷன் பகுதியில் 259 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். நகர்த்த முடியாத கடைசி ஃபைலின் பெயர் அதில் இருக்கும்.

அநேகமாக அது பேஜ்ஃபைலாகவோ (ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்துவது), ஹைபர்னேஷன் ஃபைலாகவோ, சிஸ்டம் ரீஸ்டோர் சேர்த்துவைத்த பழைய நகலாகவோ இருக்கும். மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தலாம். சிஸ்டம் புரொடெக்ஷனை ஆஃப் செய்து பழைய ரீஸ்டோர் பாயின்ட்களை அழியுங்கள். வர்ச்சுவல் மெமரியில் 'பேஜிங் ஃபைல் வேண்டாம்' என்று கொடுங்கள். ஹைபர்னேஷனுக்கு அட்மினாகத் திறந்த டெர்மினலில் ஒரு கட்டளை. போனில் சொல்கிற மாதிரி சொல்கிறேன், ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்: பவர்சிஎஃப்ஜி, ஓர் இடம் விட்டு ஸ்லாஷ் ஹெச், மறுபடி இடம் விட்டு ஆஃப். ரீஸ்டார்ட் செய்து திரும்பச் சுருக்கிப் பாருங்கள், பெரும்பாலும் வழிவிட்டுவிடும். வேலை முடிந்ததும் பேஜ்ஃபைலையும் சிஸ்டம் புரொடெக்ஷனையும் மறக்காமல் திரும்ப ஆன் செய்யணும். ஹைபர்னேஷன் ஆஃபிலேயே இருக்கட்டும். அது இல்லாவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் வேலை செய்யாது, அது நமக்கு நல்லதுதான்.

பிரித்து முடித்ததும் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைப் பார்த்து ஒவ்வொரு பிரிவின் அளவையும் தாளில் எழுதுங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். லினக்ஸ் இன்ஸ்டாலரில் சி, டி என்ற எழுத்துகள் இருக்காது. டிஸ்க்கின் பெயரும் பிரிவு எண்களும்தான் தெரியும். அந்த எண்கள் டிஸ்க்கில் இருக்கிற வரிசைப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. எது எது என்று அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

அந்தப் பட்டியலில் முதலில் 100 எம்பியோ 260 எம்பியோ அளவில் ஒரு சின்னப் பிரிவு தெரியும். அதுதான் ஈஎஃப்ஐ பிரிவு. அண்ணன் தம்பி வீடுகளுக்குப் பொதுவான நடை மாதிரி, விண்டோஸும் லினக்ஸும் பூட் ஆக அதன் வழியாகத்தான் வரும். லினக்ஸுக்கென்று தனியாக இன்னொன்று உருவாக்க வேண்டாம், இருப்பதையே பயன்படுத்திக்கொள்ளும். உபுண்டு அதில் வைப்பது சில எம்பிதான், 100 எம்பி தாராளம். அதை மட்டும் எக்காரணம் கொண்டும் ஃபார்மட் செய்யக் கூடாது. செய்தால் விண்டோஸ் பூட் ஆகாது.

இனி பென் டிரைவ். 16 ஜிபி ஒன்று எடுத்து, கைட் தளத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் செய்வதற்கான ஃபைல்) ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருளை வைத்து எழுதுங்கள். பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி, டார்கெட் யூஇஎஃப்ஐ. யூஇஎஃப்ஐ என்பது புதிய வகை பயாஸ். உங்கள் லேப்டாப் யூஇஎஃப்ஐதானா என்பதை விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'பயாஸ் மோட்' வரியில் பார்க்கலாம். விண்டோஸ் 11-உடன் வந்த லேப்டாப் என்றால் அப்படித்தான் இருக்கும். பூட் மெனுவுக்கு டெல், லெனோவோ என்றால் எஃப்12. ஹெச்பி என்றால் எஸ்கேப் அழுத்தி எஃப்9. பென் டிரைவ் பெயர் இரண்டு முறை தெரிந்தால் யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நம்பகமான சிஸ்டத்தை மட்டும் பூட் ஆகவிடுகிற செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியதில்லை. உபுண்டு வகைகள் அதோடு ஒத்துப்போகும்.

உடனே இன்ஸ்டால் செய்துவிடாமல் முதலில் 'ட்ரை' கொடுத்து ஓட்டிப் பாருங்கள். வைஃபை, டச்பேட், சத்தம், திரை வெளிச்சம் நான்கையும் சோதியுங்கள். மிகப் புதிய லேப்டாப்பில் 22.04-ஐ அடிப்படையாகக் கொண்ட சிஸ்டத்துக்கு வைஃபை பிடிபடாமல் போகலாம். அப்படியானால் உபுண்டு 24.04 போட்டு, பள்ளிக்குத் தேவையான மென்பொருள்களை அதில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு 2029 வரை அப்டேட்டும் உண்டு.

இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். இன்டெல் லேப்டாப்கள் சிலவற்றில் டிஸ்க்கை விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற முறையில் வைத்திருப்பார்கள். பயாஸில் அதை ஏஹெச்சிஐக்கு மாற்றினால் தெரியும். ஆனால் நேரே மாற்றினால் விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடும். முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் வரும்படி எம்எஸ்கான்ஃபிக்கில் அமைத்து, ரீஸ்டார்ட் செய்து, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை உள்ளே போய்வந்தால் தேவையான டிரைவரை அதுவே எடுத்துக்கொள்ளும். பிறகு சேஃப் மோடை எடுத்துவிடலாம்.

இன்ஸ்டால் வகை கேட்கும்போது 'ஈரேஸ் டிஸ்க்' என்பது உங்கள் கண்ணில் பட்டாலும் கை அந்தப் பக்கம் போகக் கூடாது. 'சம்திங் எல்ஸ்' தேர்ந்தெடுங்கள். 80 ஜிபி காலி இடத்தைக் கிளிக் செய்து பிளஸ் அழுத்தி, முழு இடத்தையும் லினக்ஸின் ஃபார்மட்டான எக்ஸ்ட்4 ஆக, மவுன்ட் பாயின்ட் ஒற்றை ஸ்லாஷ் என்று கொடுங்கள். மற்ற எந்த வரியிலும் ஃபார்மட் டிக் இருக்கக் கூடாது. கையிலுள்ள தாளோடு ஒத்துப்பார்த்துவிட்டு மேலே போங்கள். மீதி அதுவே நடக்கும்.

முடிந்தபின் லேப்டாப்பை ஆன் செய்தால் எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கிற கிரப் மெனு வரும், இரண்டு சிஸ்டமும் அதில் தெரியும். இரண்டிலும் ஒருமுறை போய்வந்து சரிபாருங்கள்.

கடிகாரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். லேப்டாப்பின் உள் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் லினக்ஸிலிருந்து திரும்பும்போது விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டலாம். மற்றவர்களுக்கு இது சின்ன எரிச்சல். உங்களுக்கு அப்படியில்லை. காலை 4 மணிக்கு மண்டியில் பில் போடும்போது லேப்டாப் முந்தின நாள் இரவு 10.30 என்று காட்டும். தேதியே மாறிப் போகும். லினக்ஸ் டெர்மினலில் ஒரே வரியில் தீர்க்கலாம்: டைம்டேட்சிடிஎல், இடம், செட்-லோக்கல்-ஆர்டிசி, இடம், 1. அதன்பின் இரண்டும் ஒரே நேரம் காட்டும்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஒருநாள் கிரப் மெனு வராமல் நேரே விண்டோஸ் திறந்தால் லினக்ஸ் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பூட் வரிசை மாறியிருக்கும். பயாஸில் உபுண்டுவை மேலே ஏற்றினால் சரி. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் செக்யூரிட்டி அப்டேட் பல டூயல் பூட் கணினிகளில் லினக்ஸை பூட் ஆகவிடாமல் செய்தது. பூட் பாதுகாப்புச் சோதனையில் பழைய லினக்ஸ் பூட் ஃபைல்களை அது நிராகரித்ததுதான் காரணம். டேட்டா எதுவும் போகவில்லை. லினக்ஸ் பக்கமும் அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாமல் செய்துவந்தால் இந்த மாதிரி உரசல் குறையும்.

கடைசியாக, வேண்டாம் என்றால் எப்படி எடுப்பது. பாப்பாவின் ஃபைல்களை டி டிரைவுக்கு மாற்றுங்கள். பயாஸில் 'விண்டோஸ் பூட் மேனேஜரை' முதலிடத்துக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் நேரே திறக்கிறதா என்று பாருங்கள். இந்தப் படியை விட்டுவிட்டு முதலிலேயே லினக்ஸ் பிரிவை அழித்தால், அடுத்த முறை கறுப்புத் திரையில் கிரப் என்ற எழுத்து மட்டும் வந்து நிற்கும். அப்போதும் எஃப்12 மாதிரியான பூட் மெனுவில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். விண்டோஸ் நேரே திறந்தபின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த 80 ஜிபி பிரிவை டெலிட் செய்து, சி டிரைவை 'எக்ஸ்டென்ட்' கொடுங்கள். முன்பே அடுத்தடுத்து வைத்திருப்பதால் தடையில்லாமல் சேர்ந்துகொள்ளும்.